“ஓய்வெடுத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடுமா?”

கேள்வி: என் வயது 29, எடை 76 கிலோ. இரண்டரை வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். வாரத்துக்கு 4 நாள் செய்துகொண்டிருந்ததை ஐந்து மாதங்களுக்கு முன் 6 நாளாக்கினேன். ஒவ்வொரு செட்டையும் இன்னொரு ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) எடுக்கவே முடியாது என்கிற வரை கொண்டுபோகிறேன். வயிற்றுக் கொழுப்பு போக வேண்டும் என்று சாப்பாட்டை நாளுக்கு 1,700 கலோரியாகக் குறைத்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் எல்லாமே ஏறியது. ஸ்குவாட்டில் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 130 கிலோ 3 ரெப் போட்டேன். இப்போது 115 கிலோவே அப்படிக் கனக்கிறது. வேலை முடிந்து இரவு 8 மணிக்கு ஜிம். களைப்பு தெரியாமல் இருக்க அதற்கு முன் ஒரு பிரீ-வொர்க்அவுட் பானம். 5 மணி நேரம் தூங்கினால் அதிகம், 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன் என்கிறார் மனைவி. ‘மனசுதான் தளர்ந்திருக்கிறது, இன்னும் தள்ளு’ என்கிறார் டிரெய்னர். ஓவர்டிரெயினிங் (அளவுக்கு மீறிய பயிற்சியால் உடல் தளர்வது) என்று ஒன்றே கிடையாது, பல்கேரிய வீரர்கள் தினமும் உச்ச எடை தூக்கினார்கள் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு வந்திருப்பது சோம்பலா? ஓய்வெடுத்தால் இரண்டரை வருடமாகச் சேர்த்ததெல்லாம் போய்விடுமா?

பி.கு.: மூன்று வாரம் முன்பு நண்பர்களோடு பந்தயம் வைத்து 100 புல்-அப் முடித்தேன். வழக்கமாக நான் புல்-அப் செய்வதில்லை. இரண்டு நாள் கையை நீட்ட முடியவில்லை. சிறுநீர் ஒரு நாள் பால் கலக்காத தேநீர் நிறத்தில் வந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டேன், சரியாகிவிட்டது.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் விரிவாக எழுதியிருப்பது ஸ்குவாட்டைப் பற்றி. பந்தயத்தைப் போகிற போக்கில் பின்குறிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். கடிதம் கிடைத்த அன்று எனக்கு அந்தப் பின்குறிப்பைத் தாண்டி எதிலும் மனம் போகவில்லை. அதனால்தான் அன்றே தனியாக எழுதி, ரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று உங்கள் பதில் வந்த பிறகே நிதானமாக எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். இதைப் படிக்கும் வேறு யாராவது அதே நிறத்தை இன்று காலை பார்த்திருக்கலாம்.

பழக்கமில்லாத ஒரு பயிற்சியை அளவுக்கு மீறிச் செய்யும்போது தசை இழைகளின் உறை சிதைந்து, உள்ளே இருக்கவேண்டியதெல்லாம் ரத்தத்தில் கலக்கிறது. மயோகுளோபின் என்ற சிவந்த புரதம், கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, பொட்டாசியம் எல்லாம் மொத்தமாக வெளியே வருகின்றன. மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும், அவற்றின் செல்களையும் கெடுக்கும். நீங்கள் பார்த்த நிறம் அதனுடையதுதான். பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் சிக்கி மீட்கப்பட்டவர்கள், வெளியே வந்து சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனதைப் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கட்டடம் விழுந்து நசுங்கிய தசையிலிருந்து வெளியானதும், பந்தயத்தில் உங்கள் கையிலிருந்து வெளியானதும் ஒரே பொருட்கள்தான். அளவுதான் வேறு.

‘நான் பழகினவன், எனக்கு எப்படி?’ என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் பழகியது ஸ்குவாட்டில். புல்-அப்பில் உடலைக் கீழே இறக்கும்போது, கையின் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசையை அதிகம் சிதைப்பது இந்த இறக்கம்தான். அந்த வேலைக்கு உங்கள் கை புதிது. ஆனால் விடாமல் தள்ளும் மனம் பழையது, இரண்டரை வருடம் பழகியது. உண்மையான புதியவர் முப்பதிலேயே விட்டிருப்பார். 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 13 வீரர்கள் இதே காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று வார விடுமுறை முடிந்து வந்ததும், தங்கள் உச்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட், அதுவும் நேரம் பார்த்து. அவர்கள் எல்லோரும் கட்டுமஸ்தான விளையாட்டு வீரர்கள். பலம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

சாதாரணத் தசைவலி ஒரு நாள் கழித்து ஏறும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு இறங்கும், நடமாடினால் கொஞ்சம் இளகும். இது அப்படி இருக்காது. வலி, செய்த வேலைக்குச் சம்பந்தமில்லாத அளவுக்கு இருக்கும். கையோ தொடையோ கல் போல வீங்கும். மடக்கவோ நீட்டவோ வராது. சிறுநீர் கறுக்கும் அல்லது குறையும். விரல் மரத்துப்போய், வீக்கம் விண்ணென்று இறுகினால், உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். அது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது. நிறம் மாறினால் அன்றைக்கே மருத்துவமனை. நிறம் மாறாவிட்டாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் போய்க் காட்டிவிடுங்கள். எல்லோருக்கும் நிறம் மாறுவதில்லை. தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்போது அதன் கழுத்தைப் பிடிப்பது போன்றது இது. உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, இப்போது ஸ்குவாட்டுக்கு வருவோம்.

ஓவர்டிரெயினிங் இல்லவே இல்லை என்பவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு எளிதில் பரவுகிறது. ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2013இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் சில நாட்கள், ஓரிரு வாரம் வேண்டுமென்றே அதிகமாகச் செய்கிறோம். பலம் கொஞ்சம் இறங்கும், ஓய்வு கொடுத்ததும் முன்பைவிட மேலே வரும். நல்ல பயிற்சியாளர்கள் திட்டமிட்டே இதைச் செய்வார்கள். இரண்டாம் படியில், இறங்கிய பலம் ஏற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அந்த இழப்புக்குக் கைம்மாறாக எதுவும் கிடைக்காது. மூன்றாவதுதான் முழுமையான ஓவர்டிரெயினிங் நோய்நிலை. பல மாதங்கள் ஆகலாம். தூக்கம், மனநிலை, ஹார்மோன் என்று எல்லாவற்றையும் தொடும். எடைப் பயிற்சி மட்டும் செய்பவர்களில் அந்த மூன்றாவது நிலை அரிது. பெரும்பாலும் நீண்ட தூர ஓட்டம், சைக்கிள், நீச்சல்காரர்களிடம்தான் அது பதிவாகியிருக்கிறது. வீடியோக்காரர்கள் இந்த மூன்றாவதை எடுத்துக்காட்டி, ‘பார், உனக்கு இது இல்லை’ என்கிறார்கள். இரண்டாவதைச் சொல்வதே இல்லை. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் நிற்பது அந்த இரண்டாவது படியில்.

எடைப் பயிற்சியில் பலம் இப்படி இறங்குவது சோதனையிலேயே காட்டப்பட்ட விஷயம். 1990களில் ஆண்ட்ரூ ஃப்ரை, வில்லியம் கிரேமர் ஆகியோரின் குழு, நன்றாகப் பழகியவர்களை இரண்டு வாரம் தினமும் ஸ்குவாட் இயந்திரத்தில் அவரவர் உச்ச எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கவைத்தது. உச்ச எடை ஏறுவதற்குப் பதில் இறங்கியது. ஆனால் ஓய்வில் எடுத்த ரத்தத்தில், ஓட்டக்காரர்களிடம் எதிர்பார்க்கப்படும் ஹார்மோன் மாற்றம் அப்படியே தென்படவில்லை. நீங்கள் டெஸ்டோஸ்டிரோன் சோதனை செய்து, அளவு சரியாக இருக்கிறது, ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இதைக் கண்டுபிடிக்க ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது.

பல்கேரியர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய பயிற்சியாளர் இவான் அபாஜியேவின் வீரர்கள் தினமும், ஒரே நாளில் பல முறைகூட, உச்சத்தை ஒட்டித் தூக்கியது உண்மை. அவர்கள் வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தூக்குவதும் தூங்குவதும்தான் அவர்களுக்கு வேலை. அந்தப் பயிற்சியில் உடைந்து வெளியேறியவர்களை எந்த வீடியோவும் காட்டாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இரண்டு பல்கேரிய எடைதூக்கும் வீரர்கள் தடைசெய்யப்பட்ட ஃபுரோசமைடு என்ற மருந்தில் சிக்கிப் பதக்கத்தை இழந்தார்கள். அந்நாட்டு எடைதூக்கும் அணி போட்டியிலிருந்தே விலகி ஊர் திரும்பியது. முழுநேர வேலை பார்த்துவிட்டு, 1,700 கலோரியில், 5 மணி நேரத் தூக்கத்தில் இரவு 8 மணிக்கு ஜிம்முக்குப் போகும் ஒருவர் தன்னை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ள நியாயமே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கலோரிக் கணக்குதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 76 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் சுமார் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவது 1,700. ஜிம்மில் செலவாவது 400 என்றாலும், உயிர் வாழ, ரத்தம் ஊற, தசை பழுதுபார்க்க, ஹார்மோன் சுரக்க மிச்சம் 1,300. ஒரு கிலோவுக்கு 22 கலோரிகூட இல்லை. இந்த மிச்சம் 30க்குக் கீழே நாள்கணக்கில் நீடித்தால் உடல் ஒவ்வொரு துறையாக விளக்கை அணைக்கத் தொடங்குகிறது என்பது பெரும்பாலும் பெண்களை வைத்துக் கண்டறிந்த அளவு. ஆண்களுக்கு அந்தக் கோடு இன்னும் சற்றுக் கீழே இருக்கலாம். உங்கள் 22 எந்தக் கோட்டுக்கும் வசதியான உயரத்தில் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தப் பற்றாக்குறை நிலைக்கு என்றே ஒரு பெயர் வைத்து விளக்கமான அறிக்கை வெளியிட்டது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். அது வெளியே தெரிகிற அறிகுறி. ஆண்களுக்கு அப்படி வெளிப்படையாக ஒன்றும் இல்லாததால் பல மாதம் தெரியாமலே போகிறது. அதனால் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், தயங்காமல் உங்களுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: காமத்தில் நாட்டம் குறைந்திருக்கிறதா? காலையில் எழும்போது வழக்கமாக இருக்கும் விறைப்பு சில வாரங்களாக இல்லையா? ஆம் என்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. சாப்பாடு போதவில்லை என்று உடல் சொல்லும் மிக நேர்மையான வழிகளில் அது ஒன்று.

கொழுப்பைக் குறைப்பதும் பலத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவதும் இரண்டு தனித்தனி வேலை. இரண்டையும் ஒரே மாதத்தில் முழு மூச்சாகச் செய்ய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஏமாறுகிறார்கள். அடுத்த ஆறு வாரம் எடையைக் குறைக்கும் எண்ணத்தையே தள்ளி வையுங்கள். எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள். உங்கள் உடலுக்கும் வேலைக்கும் அது 2,500 கலோரிக்குக் கிட்டே வரும். தராசைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம், அதாவது நாளுக்கு 120 கிராம் இருந்தால் போதும். அதற்கு மேல் கூட்டிப் பெரிய பலன் இல்லை. மாவுச்சத்தைக் கண்டு பயப்படாதீர்கள். ஸ்குவாட் எடை கனப்பதற்கு அது குறைந்ததும் ஒரு காரணம்.

தூக்கம். ஜிம்முக்கு முன் குடிக்கும் பானத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு அளவில் 200 முதல் 300 மில்லிகிராம் காஃபின் இருக்கும். காஃபினில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 8 மணிக்கு 300 குடித்தால் இரவு 1 மணிக்கும் 150 ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். களைப்பை மறைக்க அதைக் குடிக்கிறீர்கள், அது தூக்கத்தைக் கெடுக்கிறது, மறுநாள் களைப்பு கூடுகிறது, மறுபடி குடிக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும், பிறகு போய்விடும். முடிந்தால் பயிற்சியைக் காலைக்கோ மாலையின் தொடக்கத்துக்கோ மாற்றுங்கள். முடியாவிட்டால் இரவில் கடைசி செட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளியாவது இருக்கட்டும். படுக்கையில் 8 மணி நேரம் இருக்கும்படி நேரத்தை ஒதுக்குங்கள்.

மனைவி சொன்னதை நீங்கள் ஒரு குடும்பப் பிரச்சினை போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மருத்துவக் குறிப்பு. விளையாட்டு வீரர்களைக் கண்காணித்த ஆய்வுகளில், ரத்த அளவுகளைவிட மனநிலை பற்றிய எளிய கேள்விகள்தான் உடல் திணறுவதைச் சரியாகக் காட்டின என்று திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை, ஜிம் பையை எடுக்கும்போதே வரும் ஒரு வெறுப்பு, இவையெல்லாம் கணக்கில் வரவேண்டிய எண்கள். உங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டில் இருப்பவர் அதைப் படித்துவிட்டார். அவருக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

இனி முழங்கை. தசை வாரங்களில் பலமாகிறது. அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதே வேகத்தில் வருவதில்லை, அதற்கு மாதங்கள் வேண்டும். குதிகால் தசைநாணின் மையப்பகுதி பதின்வயதுக்குப் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பனின் தடயத்தை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நமக்குக் கிடைத்திருக்கும் தசைநாண் பெரும்பாலும் வளரும் வயதில் உருவான அதே இழைதான். அதைப் பலப்படுத்தலாம், அவசரப்படுத்த முடியாது. எடைப் பயிற்சிக்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது ஹார்மோன் சரிவை அல்ல, இந்த மாதிரி முழங்கை, தோள், முழங்கால் வலியைத்தான். உங்கள் வயதில் நானும் தோள்வலியைப் பொருட்படுத்தாமல் பெஞ்ச் பிரஸ் செய்துகொண்டே இருந்தேன். நிறுத்தியிருந்தால் ஆறு வாரத்தில் ஆறியிருக்கக்கூடியது, ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. அந்த ஒரு வருடம் இன்றும் எனக்கு வருத்தம்.

முழுக்க அசைக்காமல் வைத்தால் முழங்கை ஆறாது. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கும் தசைக்கு, ஒரு லேசான டம்பெல்லை அசையாமல் 30 முதல் 45 விநாடி பிடித்திருப்பது, நாலைந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். 10க்கு 3 வரை வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். புல்-அப், கனமான கர்ல் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஓய்வெடுத்தால் எல்லாம் போய்விடுமா என்று கேட்டீர்கள். உங்களை இவ்வளவு தூரம் துரத்தியது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன், அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். 2011இல் வெளியான ஒரு ஆய்வில், 16 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினரின் பயிற்சி அளவை அதற்குப் பிறகு 32 வாரத்துக்கு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் சில செட் மட்டும். 20 முதல் 35 வயது வரை இருந்தவர்கள் அந்த அளவிலேயே சேர்த்த தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது போதவில்லை, அவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது. உங்களுக்கு 29. ஒன்பதில் ஒரு பங்கு, ஏழு மாதத்துக்கு மேல். நான் கேட்பது ஒரு வாரம் முழு ஓய்வு, அப்புறம் சில வாரம் குறைந்த அளவு.

முதல் வாரத்தில் கண்ணாடியில் கொஞ்சம் சுருங்கியது போலத் தெரியும். அது தசை போனதல்ல. தசைக்குள் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும், அடிபட்ட தசையில் இருந்த வீக்கமும் வடிகிறது. பயிற்சியைத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும். இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் நான்காம் நாளே ஜிம்முக்கு ஓடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள்.

ஒரு கடினமான பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகம் ஒன்றிரண்டு நாள், அதாவது 24 முதல் 48 மணி நேரம், கூடியிருக்கும். ஜிம்மில் நாம் செய்வது அதற்கான கட்டளை மட்டும். கட்டுமானம் நடப்பது நீங்கள் தூங்கும்போது, நீங்கள் சாப்பிட்டதை வைத்து. நீங்கள் ஐந்து மாதமாகக் கட்டளை மேல் கட்டளை போட்டீர்கள், கொத்தனாருக்குச் செங்கலும் தரவில்லை, நேரமும் தரவில்லை. பலம் இறங்கியபோது உழைப்பு போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் உழைத்தீர்கள். உங்களுக்குச் சோம்பல் இல்லை, தம்பி. சோம்பேறிக்கு ஓய்வெடுக்க ஆசையாக இருக்கும். உங்களுக்கு ஓய்வென்றால் பயமாக இருக்கிறது.

என் யோசனை இது. முதல் வாரம் எடையே வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நடங்கள், முழங்கைக்குச் சொன்னதைச் செய்யுங்கள், அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் வாரம் மூன்று நாள் மட்டும் ஜிம். ஸ்குவாட் 75 முதல் 80 கிலோ, 5 ரெப், 2 செட். மற்றவற்றிலும் இப்போது தூக்க முடிகிறதில் மூன்றில் இரண்டு பங்கு. செட் முடிந்ததும் ‘இன்னும் நாலு எடுத்திருக்கலாமே’ என்று தோன்ற வேண்டும். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எடையை விட அந்த மிச்சத்தை விட்டுவிட்டு வருவது கஷ்டம். நான்காம் வாரத்திலிருந்து 3 செட்டாக்கி, எல்லா ரெப்பும் சுத்தமாக வந்து கையில் குறைந்தது இரண்டு ரெப் மிச்சம் இருந்தால் மட்டும் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். ஆறு வாரம் முடிந்ததும் பழைய நான்கு நாள் திட்டத்துக்குப் போகலாம். அப்போதும் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, செட்களைப் பாதியாக்கிய ஒரு லேசான வாரம் வையுங்கள், நன்றாக இருக்கும்போதே வையுங்கள்.

ஒவ்வொரு செட்டையும் முடியாத வரை கொண்டுபோகும் பழக்கத்தை ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ்ஸில் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ரெப் மிச்சம் வைத்து நிறுத்துபவர்களும் ஏறக்குறைய அதே பலத்தைப் பெறுகிறார்கள். களைப்பு மட்டும் வெகுவாகக் குறைகிறது. ஆசைக்கு வேண்டுமானால் சின்னப் பயிற்சிகளில், கடைசி செட்டில் மட்டும் அப்படிச் செய்யலாம்.

டிரெய்னரோடு சண்டை வேண்டாம். உங்கள் மேல் அக்கறை இல்லாமல் அவர் சொல்லவில்லை. உங்கள் தூக்கமும் சாப்பாடும் அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது ஜிம்மில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை. ஒரு நோட்டு வாங்கி, காலையில் படுக்கையிலேயே மூன்று எண் எழுதுங்கள்: தூங்கிய மணி நேரம், எழுவதற்கு முன் நாடித்துடிப்பு, இன்றைக்கு ஜிம்முக்குப் போக எவ்வளவு ஆசை என்று 5க்கு எத்தனை. நாடி ஒரு நாள் கூடினால் பொருட்டில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட 5, 10 கூடி, ஆசையும் 1, 2 என்று இறங்கினால் அந்த வாரம் லேசாகச் செய்யுங்கள். வார்ம் அப் எடையே கனக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை டிரெய்னரிடம் காட்டினால் அவரே எடையைக் குறைக்கச் சொல்வார்.

மூன்று வாரம் இப்படி இருந்தும் களைப்பும் மனச்சோர்வும் இறங்கவே இல்லை என்றால், இது பயிற்சியால் வந்தது என்ற என் கணிப்பைச் சந்தேகப்படுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காய்ச்சல் வந்துபோனதன் மிச்சம், மனச்சோர்வு நோய் எல்லாமே இதே முகத்தோடு வரும். மற்றவற்றை இல்லையென்று ஒதுக்கிய பிறகே மருத்துவர்கள் ஓவர்டிரெயினிங் என்ற முடிவுக்கு வருவார்கள். ஒரு பொது மருத்துவரிடம் போய், பயிற்சியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

130 கிலோவை எப்போது மறுபடி போடலாம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், தெரியும். தேதி சொல்ல மாட்டேன். முழங்கை அமைதியாகி, ஒரு வாரம் தொடர்ந்து ஏழு மணி நேரம் தூங்கி, 115 கிலோ பழையபடி லேசாக வந்தால், அதற்கு அப்புறம் பேசுவோம். ஆறு வாரம் கழித்து நோட்டில் இருக்கும் எண்களோடு எழுதுங்கள், காத்திருப்பேன்.

ஆனால் சிறுநீரில் அந்த நிறத்தை இன்னொரு முறை பார்த்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.